மறைசாட்சிகளின் தடத்தில் மூன்று நாட்கள்: ஹட்டனிலிருந்து புறப்படும் ஒரு யாத்திரைச் சேவை பற்றிய மதிப்பீடு

ஹட்டனிலிருந்து புறப்பட்டு, கண்டி, வகாக்கோட்டை, மடு, மன்னார், நீர்கொழும்பு, கொழும்பு கொச்சிக்கடை ஆகிய இடங்களுக்கு அழைத்துச் சென்று, மூன்றாம் நாள் இரவு மீண்டும் ஹட்டனிலேயே இறக்கிவிடும் ஒரு சிறிய யாத்திரைச் சேவையைப் பற்றி எழுதுகிறேன். அதை நடத்துபவர்கள் விளம்பரம் செய்வதில்லை. சபைகள் வழியாகவும் பங்குகள் வழியாகவுமே ஆட்களைச் சேர்க்கிறார்கள் என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். நேர்த்திக்கடனுக்காகப் போகிறவர்களுக்கும், ஜெபத்தோடு கடற்கரையையும் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைக்கிறவர்களுக்கும் இது ஏற்றதல்ல. விசுவாசத்தின் காரணமாக இந்தத் தீவில் துன்புறுத்தப்பட்டவர்கள் எங்கே நின்றார்கள், எதைக் கொண்டு தாங்கினார்கள், மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்தார்கள் என்பதை அந்தந்த இடத்தில் வைத்தே கற்பிப்பதுதான் இதன் நோக்கம். அந்த நோக்கத்தில் பெருமளவு வெற்றி பெற்றிருக்கிறது என்பது என் முடிவு. ஆனால் மலையகத்திலிருந்து புறப்படும் சேவையாக இருந்தும், மலையகத்தைப் பற்றி அது ஏறக்குறைய ஒன்றுமே சொல்லாதது பெரிய குறை.

இத்தகைய யாத்திரை நமக்கு ஏன் தேவை என்று கேட்பவர்கள் உண்டு. தேயிலைத் தோட்டங்களில் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) அறையொன்றையோ தகரக் கொட்டகையொன்றையோ ஜெபவீடாக வைத்திருக்கும் சிறிய சபைகளை அறிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். 2008ஆம் ஆண்டு சமய விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சு ஒரு சுற்றறிக்கையை வெளியிட்டு, புதிய வழிபாட்டிடம் கட்டுவதற்கு அனுமதி பெறவேண்டும் என்றது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, எதையுமே கட்டாமல் வீட்டுக்குள் பாடி ஜெபிக்கிறவர்களையும் நிறுத்தச் சொல்லும் வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் ஏற்பட்டுவிட்டது. தோட்டத்தில் நிலைமை இன்னும் சிக்கலானது. லயமும் அதன் முன்வாசலும் தோட்டத்திற்குச் சொந்தமானவை. ஆட்சேபம் எழுந்தால் பொலிஸுக்கு மட்டுமல்ல, நிர்வாகத்திற்கும் அயலவருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. என்னோடு பயணம் செய்தவர்களில் பாதிப் பேர் இப்படிப்பட்ட சபைகளைச் சேர்ந்தவர்கள், மற்றவர்கள் கத்தோலிக்கர்கள். நான் மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவன்.

முதல் நாள் கண்டி. இந்த யாத்திரையின் மிகச் சிறந்த பகுதி இதுதான். வேன் வாவிக்கரையில் நின்றதும் வழிகாட்டி முதலில் செய்தது, நம் கண்ணுக்குத் தெரியும் கண்டியை அழித்துக்காட்டியது. இந்த வாவி ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் காலத்தில், 1807இல், வயல்நிலத்தின்மேல் உண்டாக்கப்பட்டது என்றும், புனித யோசப் வாஸ் விலங்கோடு கொண்டுவரப்பட்ட 1692இல் இங்கே நெல்வயலே இருந்தது என்றும் அவர் சொன்னபோது, படத்தில் மட்டும் பார்த்திருந்த ஒரு புனிதர் சேற்று வரப்பில் நடந்துவரும் மனிதராக மாறினார். வழிகாட்டி முப்பது வயதைத் தாண்டாத இளைஞர். முன்பு பங்கொன்றில் மறைக்கல்வி ஆசிரியராக இருந்தவராம். குரலை உயர்த்தாமல், நேரடியாகச் சொல்லத் தெரிந்தவர்.

அவர் சொன்ன வரலாற்றின் சாரம் இது. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனபின் கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்கு இடம் கொடுப்பதும் குற்றமாயிற்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குருவானவரே இல்லாமல் கிடந்த மக்களைத் தேடி, கோவாவில் பிறந்த யோசப் வாஸ் 1687இல் கூலியாளின் உடையில் வந்து இறங்கினார். வயிற்றோட்டத்தால் சாகும் நிலைக்குப் போய்ப் பிழைத்தார். கழுத்தில் ஜெபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டு, அந்த மாலையைப் பார்த்து யாருடைய முகம் மாறுகிறது என்று கவனித்தே கத்தோலிக்கரை அடையாளம் கண்டார். யாழ்ப்பாணத்துச் சில்லாலைக் கிராமத்தைத் தளமாக வைத்து இரவுகளில் திருப்பலி நிறைவேற்றினார். பின்னர் புத்தளம் வழியாகக் கண்டி இராச்சியத்தை நோக்கி வந்தவர், போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறைப்பட்டார்.

இந்த இடத்தில் வழிகாட்டி நிறுத்தி, அவரைக் காட்டிக்கொடுத்தது யார் என்று எல்லோரையும் கேட்டார். பௌத்த பிக்கு என்றார் ஒருவர்; அரசனின் அமைச்சர் என்றார் இன்னொருவர். அரசவையில் இருந்த லானெரோல் என்ற பிரெஞ்சுக்காரர்தான் அப்படிச் செய்தார் என்றும், அவர் ஹியூகெனோ, அதாவது பிரான்சின் புரட்டஸ்தாந்தர் என்றும் வழிகாட்டி விளக்கினார். 1685இல்தான் பிரான்சில் அதே ஹியூகெனோக்களின் வழிபாட்டுரிமை அரச கட்டளையால் பறிக்கப்பட்டு, அவர்கள் கூட்டங்கூட்டமாக நாட்டைவிட்டு ஓடினார்கள். தன் சபையார் தாய்நாட்டில் கத்தோலிக்க அரசனால் துன்புறும் காலத்தில், கண்டியில் ஒரு கத்தோலிக்கக் குருவானவரை ஒருவர் துன்பத்தில் மாட்டிவிடுகிறார். அவரைச் சிறையில் வைத்த பௌத்த அரசன் இரண்டாம் விமலதர்மசூரியனோ, விசாரித்துப் பார்த்து, படிப்படியாகக் காவலைத் தளர்த்தி, இறுதியில் நாடு முழுவதும் போதிக்கும் சுதந்திரத்தையே கொடுத்தான். ஒல்லாந்தரின் கால்வினியச் சபை மரபுக்கு உறவுக்காரர்களான எங்களைப் போன்ற புரட்டஸ்தாந்தர் இதைக் கேட்டு நெளிந்தது உண்மை. ஆனால் துன்புறுத்தலைப் பற்றிப் பேசும் எந்த யாத்திரையும் இந்த நேர்மையிலிருந்துதான் தொடங்கவேண்டும். 'நாங்கள் நல்லவர்கள், அவர்கள் கொடியவர்கள்' என்று மூன்று நாட்கள் கேட்டுவிட்டு ஊர் திரும்புகிறவருக்குக் கிடைப்பது தைரியம் அல்ல, பகை.

சிறையில் வாஸ் முனிவர் என்ன செய்தார் என்பதில் வழிகாட்டி செலவிட்ட நேரம் முற்றிலும் பயனுள்ளது. அவர் சிங்களம் கற்றார். காவல் சற்றுத் தளர்ந்ததும் சிறு கொட்டகை அமைத்து வழிபாட்டைத் தொடங்கினார். தப்பிக்கும் வழியைத் தேடவில்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் பிலிப்பி நகரத்துச் சிறையில் நடு இரவில் பாடிக்கொண்டிருந்த பவுலும் சீலாவும், கதவுகள் திறந்தபின்னும் ஓடாமல் இருந்து, தற்கொலை செய்யப்போன காவலனைத் தடுத்ததை வழிகாட்டி இதனோடு பொருத்திக் காட்டினார். சிறைக்காரனின் மொழியைக் கற்பது என்பது, இங்கே நீண்டநாள் இருக்கப் போகிறேன், உன்னோடு பேசப் போகிறேன் என்று முடிவெடுப்பதாகும். பயத்தில் இருக்கிறவர்களுக்கு அந்த முடிவு வராது.

அடுத்ததாக மழை அற்புதம். கடும் வறட்சியில், அரசனின் வேண்டுகோளுக்கிணங்க வெளியில் பீடம் அமைத்து அவர் ஜெபித்தபோது மழை கொட்டியது, பீடத்தைச் சுற்றி மட்டும் நனையவில்லை என்பது மரபு. வழிகாட்டி இதை மிக நீளமாக, நடித்துக்காட்டாத குறையாகச் சொன்னார். நான் நம்பாதவன் அல்ல. ஆனால் அதற்குச் செலவிட்ட நேரத்தில் பாதியையாவது 1697இல் கண்டியில் பரவிய வைசூரிக்குக் கொடுத்திருக்கவேண்டும். அரசனும் பிரபுக்களும் நகரை விட்டு நீங்க, வீட்டார் தங்கள் நோயாளிகளையே கைவிட்டு ஓட, வாஸ் முனிவரும் அவருடைய மருமகனான குருவானவர் கர்வாலோவும் நகரத்திலேயே தங்கி, சமயம் பாராமல் நோயாளிகளைக் கழுவி, உணவூட்டி, இறந்தவர்களைப் புதைத்தார்கள். தம்மை விலங்கிட்டு இழுத்துவந்த அதே நகரத்தில், அதே தெருக்களில். மழையைப் பொழிவிப்பது புனிதருக்கு ஆகும்; பக்கத்து லயத்தில் ஜெபக்கூட்டத்திற்கு எதிராகக் கையெழுத்து வாங்கிய வீட்டில் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுபோவது நமக்கும் ஆகும். யாத்திரையை நடத்துபவர்கள் இந்த அளவை மாற்றிக்கொண்டால் நல்லது.

கண்டியில் ஒரு பிழையையும் திருத்திக்கொள்ளவேண்டும். போகம்பறைச் சிறைச்சாலையின் மதிலைக் காட்டி, வாஸ் முனிவர் அடைபட்ட சிறை இதுதான் என்ற எண்ணம் எழும்படி வழிகாட்டி பேசினார். சிலர் மதிலைத் தொட்டு முத்தமிட்டார்கள். அந்தக் கட்டடம் ஆங்கிலேயர் காலத்தில் 1876இல் திறக்கப்பட்டது. வாஸ் முனிவர் 1711 ஜனவரி 16ஆம் திகதியே இறந்துவிட்டார். இடையில் 165 ஆண்டுகள். அவருடைய கல்லறையின் இடமே இன்று உறுதியாகத் தெரியாது என்பதை அங்கேயே சொல்லியிருந்தால், அந்த இழப்பே போதிய பாடமாக இருந்திருக்கும். பயணிகளுக்கான கையேட்டிலும் இதே கவனக்குறைவு தெரிகிறது. மன்னாரில் கொல்லப்பட்டவர்கள் ஒரு பக்கத்தில் 600, மறுபக்கத்தில் 700. ழகரமும் ளகரமும் விரும்பியபடி இடம் மாறுகின்றன. அச்சுக்குப் போகுமுன் ஒரு தமிழாசிரியரிடம் காட்டியிருக்கலாம். நம் தோட்டப் பாடசாலைகளில் அதற்கு ஆள் இல்லாமலா போயிற்று?

மாத்தளைக்கு அப்பால் உள்ள வகாக்கோட்டையில் வேன் சிறிது நேரமே நின்றது. கண்டி அரசர்கள் குடியேற்றிய போர்த்துக்கேயரின் வழிவந்தவர்கள் வாழும் பழைய கத்தோலிக்கக் கிராமம் அது. இன்று சிங்களம் பேசுகிறார்கள். குருவானவர் இல்லாத காலத்திலும் ஜெபத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக் காத்தோம் என்பது அவ்வூர் மரபு. புனித அந்தோனியார் ஆலயத்தில் மெழுகுதிரி ஏற்றிவிட்டுப் புறப்பட்டோம். நல்ல இடம்தான்; ஆனால் நேர அட்டவணையில் அதற்கு இடமில்லை.

மடுவில் இரவு தங்கல். ஒல்லாந்தரின் துன்புறுத்தலுக்கு அஞ்சி, மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் ஓடி, 1670ஆம் ஆண்டளவில் மருதமடுவில் நிலைகொண்டார்கள் என்பது மரபுச் செய்தி. இரவுணவுக்குப் பின் யாத்திரிகர் விடுதியின் முன் பாய் விரித்து உட்கார்ந்து நடந்த பகிர்வுக் கூட்டத்தில், தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் ஒரு தாய் கேட்ட கேள்விதான், வழிகாட்டியின் உரைகள் எல்லாவற்றையும்விட என் மனத்தில் நிற்கிறது.

"பயந்து ஓடிப்போனவங்களப் பாக்கிறதுக்கா தம்பி இவ்வளவு தூரம் கூட்டிக்கிட்டு வந்தீங்க? ஓடிப்போனது எப்புடி தைரியம் ஆவும்?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. அவருடைய அக்காள் குடும்பம், தமிழருக்கு எதிரான 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனது. தாங்கள் தங்கிவிட்டோம், அவர்கள் ஓடிவிட்டார்கள் என்ற பேச்சு அந்தக் குடும்பத்தில் இன்னும் தீரவில்லை. வழிகாட்டி உடனே பதில் சொல்லாமல் வேதாகமத்தைத் திறந்து, மத்தேயு பத்தாம் அதிகாரத்தில், ஒரு பட்டணத்தில் உங்களைத் துன்புறுத்தினால் மறு பட்டணத்திற்கு ஓடிப்போங்கள் என்று இயேசுவே சீடர்களுக்குச் சொன்ன பகுதியை வாசிக்கச் செய்தார். "அம்மா, அவர்கள் உயிரைத் தூக்கிக்கொண்டு மட்டும் ஓடவில்லை; மாதாவையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்" என்றார். எதை விட்டுவிட்டு ஓடினோம், எதைச் சுமந்துகொண்டு ஓடினோம் என்பதில்தான் வேறுபாடு என்று விளக்கினார். அந்த விளக்கம் புரட்டஸ்தாந்தர்களுக்கும் ஏற்றதாகவே இருந்தது. சுரூபத்தின் இடத்தில் வேதபுத்தகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டோம். தங்கியவர்களை மட்டும் வீரர்களாகவும் போனவர்களைக் கோழைகளாகவும் காட்டும் பிரசங்கங்களை நாம் அதிகம் கேட்டிருக்கிறோம். 1977இலும் 1983இலும் மலையை விட்டு வன்னிக்குப் போன நம் சனங்கள் அங்கே குடிசை போட்ட கையோடு ஜெபக்கூட்டமும் தொடங்கியதை அறிந்தவர்கள், அந்தத் தராசைப் பிடிக்கத் தயங்குவார்கள்.

மடு ஓர் அடைக்கலம் என்றாலும் துன்பம் அதை விட்டுவைக்கவில்லை. 1999 நவம்பரில் ஆலய வளாகத்தில் எறிகணைகள் விழுந்து, அங்கே தஞ்சம் புகுந்திருந்த ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தார்கள். வழிகாட்டி இதை ஒரே வாக்கியத்தில் கடந்தார். யாருடைய எறிகணை என்ற வாக்குவாதம் வேனுக்குள் எழுவதைத் தவிர்க்க அவர் விரும்பியிருக்கலாம், புரிந்துகொள்ளத்தக்கதே.

மன்னார்த் தீவில் தோட்டவெளியில் உள்ள வேதசாட்சிகளின் அரசி ஆலயத்தை விரைவாகப் பார்த்தோம். 1544இல், புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற சுமார் 600 பேரை யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொல்வித்த செய்தி அங்கே நினைவுகூரப்படுகிறது. அரசனின் கொடூரத்தைச் சொன்ன வழிகாட்டி, அவனுடைய அச்சத்தையும் சொன்னார்: போர்த்துக்கேயர் கடலில் நின்ற காலத்தில், குடிகள் மதம் மாறுவது என்பது அரசனுக்கு அவர்கள் வேறு அரசனின் குடிகளாக மாறுவதாகவே தெரிந்தது. கொலையை இது நியாயப்படுத்தாது. ஆனால் இன்று நம் கிராமங்களில், ஜெபவீடு வந்தால் வெளிநாட்டுப் பணமும் பின்னால் வரும் என்று அஞ்சுகிறவரோடு பேசப் போகிறவருக்கு, எதிரில் நிற்பவரின் அச்சம் எது என்று தெரிந்திருப்பது உதவும்.

மூன்றாம் நாள் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் மூன்று ஆலயங்களிலும் கொழும்பின் மூன்று பெரிய விடுதிகளிலும் இஸ்லாமியத் தீவிரவாதக் குழுவொன்று நடத்திய தற்கொலைக் குண்டுத் தாக்குதல்களில் 260 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்த ஓர் ஆலயத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர். இரத்தம் தெறித்த உயிர்த்த இயேசுவின் சுரூபத்தைக் கண்ணாடிக்குள் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் 21 யோசப் வாஸ் முனிவரின் பிறந்த நாளும் ஆகும், அவர் பிறந்தது 1651இல். இந்த ஒற்றுமையை வழிகாட்டி சொல்லாமல் விட்டது எனக்கு நிம்மதி. சொல்லியிருந்தால் அங்கே யாரோ ஒருவர் அதற்கு ஒரு தீர்க்கதரிசன விளக்கத்தைத் தொடங்கியிருப்பார்.

இங்கே வழிகாட்டி அதிகம் பேசாமல், அந்தப் பங்கைச் சேர்ந்த ஒரு பெண்மணியைப் பேச வைத்தார். சேவையின் மிகச் சரியான முடிவு இது. அவர் தமிழும் சிங்களமும் கலந்து பேசினார். தாக்குதலைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பின் வந்த மாதங்களைப் பற்றிச் சொன்னார். ஞாயிறு திருப்பலியைத் தொலைக்காட்சியில் பார்த்தது, ஆலயம் திரும்பத் திறந்தபோது வாசலில் பைகளைச் சோதித்தது, முதுகில் பை போட்ட எவரைக் கண்டாலும் பிள்ளைகள் தாயின் பின்னால் ஒளிந்தது, ஆலயத்தில் எந்த இடத்தில் உட்காருவது என்று தம் வீட்டில் நடந்த தர்க்கம். கடைசியில் கணவர் வழக்கமான இடத்திலேயே போய் உட்கார்ந்தாராம். தாம் கதவருகில் உட்கார்ந்தாராம். இப்போதும் கதவருகில்தானாம். 'ஆனால் வருகிறேன்' என்றார்.

அங்கே கொல்லப்பட்டவர்களை மறைசாட்சிகள் என்று சொல்லலாமா என்ற கேள்வி நம் வேனில் எழுந்தது. விசுவாசத்தை மறுதலிக்கிறாயா என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இல்லாமல் இறந்தார்கள். 2025 ஏப்ரலில், இத்தாக்குதலில் இறந்த 167 கத்தோலிக்கர்களின் பெயர்களை விசுவாசச் சாட்சிகளின் பட்டியலில் வத்திக்கான் சேர்த்திருப்பதாகக் கர்தினால் மெல்கம் ரஞ்சித் அறிவித்தார். திருச்சபைக்கு அதற்கு அதன் காரணங்கள் உண்டு. நான் அதில் தலையிடவில்லை. ஆனால் தைரியத்தைக் கற்றுக்கொள்ள வந்தவனுக்கு, கதவருகில் உட்காரும் அந்தப் பெண்மணியே போதுமான ஆசிரியை. பயம் போய்விட்டது என்று அவர் சொல்லவில்லை. பயத்தோடு எவ்வளவு தூரம் உள்ளே வரலாம் என்று ஒவ்வொரு ஞாயிறும் கணக்குப் பார்த்துக்கொண்டு வருகிறார். சிமிர்னா சபைக்கு எழுதப்பட்ட வெளிப்படுத்தல் கடிதமும், படப்போகிற பாடுகள் வராது என்று வாக்களிப்பதில்லை. வரும் என்றே சொல்லிவிட்டு, பயப்படாதே என்கிறது.

வழிகாட்டி தவறவிட்டது ஒன்று உண்டு. அந்தத் தாக்குதலுக்குச் சில வாரங்களின் பின், 2019 மே மாதத்தில், வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் கும்பல்கள் முஸ்லிம்களின் கடைகளையும் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் தாக்கின. பழிவாங்கவேண்டாம் என்று கத்தோலிக்கத் தலைமை திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்ட காலம் அது. இறந்தவர்களின் குடும்பங்களோ வீதியில் இறங்காமல் நீதிமன்றத்தை நாடின. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்தவேண்டும் என்று தீர்ப்பளித்தது. கண்டியில் அவ்வளவு நேர்மையாகப் பேசிய ஒரு சேவை, பழிவாங்காமல் நீதி கேட்ட இந்தப் பகுதியை விட்டுவிட்டது வியப்பளிக்கிறது.

அதே உயிர்த்த ஞாயிறன்று தாக்கப்பட்ட கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திற்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. இருபது நிமிடத்தில் மெழுகுதிரி ஏற்றி, கழிவறைக்குப் போய், வேனில் ஏறவேண்டும் என்றால் அதை யாத்திரை என்று சொல்ல முடியாது. மன்னாரிலிருந்து நீர்கொழும்பு, கொழும்பு, அவிசாவளை, கிதுல்கல வழியாக ஹட்டன் வரை ஒரே நாளில் ஓடுவது சாரதிக்கும் ஆபத்து, வயதானவர்களுக்கும் தண்டனை. இன்னோர் இரவைச் சேர்க்கவேண்டும், அல்லது வகாக்கோட்டையைத் தனிப் பயணமாக்கவேண்டும்.

மற்ற ஏற்பாடுகளைப் பற்றிச் சுருக்கமாக. குளிரூட்டப்பட்ட வேன் சுத்தமாக இருந்தது, சாரதி நிதானமானவர். கினிகத்தேனை வளைவுகளில் வாந்தி எடுக்கிறவர்களுக்கு எலுமிச்சம்பழமும் பொலித்தீன் பையும் தயாராக வைத்திருந்தார்கள். காலையில் இடியப்பமும் சம்பலும், மதியம் சோறும் மீன்கறியும். சைவம் உண்பவர்களுக்குப் பருப்பும் கத்தரிக்காயும் தவறாமல் கிடைத்தன. மடு விடுதியில் பாய் கிடைக்கும், போர்வை கிடைக்காது; கொண்டுபோவது நல்லது. கட்டணம், 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில் ஏறத்தாழ இரண்டு வார வேலைக்குச் சமம். தோட்டக் குடும்பத்திற்கு இது சிறிய தொகை அல்ல. ஆயினும் மாதத் தவணையாகக் கட்ட அனுமதிக்கிறார்கள், தவணை பாக்கி இருப்பவர்களை வேனில் எவரும் குத்திக்காட்டியதையும் நான் பார்க்கவில்லை.

இனி, தொடக்கத்தில் சொன்ன பெரிய குறைக்கு வருகிறேன். மூன்று நாட்களும் துன்பம் எங்கோ சமவெளியில், எப்போதோ, பெரும்பாலும் கத்தோலிக்கர்களுக்கு நேர்ந்ததாகவே கேட்டுக்கொண்டு வந்தோம். அதே உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் சபையில் சிறுவர்கள் உட்படப் பலர் இறந்ததைக் கையேடு ஒரு வரியில் முடிக்கிறது. தூரம் காரணம் என்றால், அதற்காக ஒரு தனிப் பகிர்வு நேரத்தையாவது ஒதுக்கலாம். மலையகமோ கையேட்டில் அறவே இல்லை. 1854இல் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று தமிழ் மிஷன் ஒன்று கண்டியில் தொடங்கப்பட்ட காலத்திலிருந்து இங்கே சபைகள் உண்டு. தமிழராக ஒருமுறையும் கிறிஸ்தவராக மறுமுறையும் அடிபட்ட குடும்பங்கள் உண்டு. புறப்படும் நாளன்று ஹட்டனிலேயே ஒரு மணிநேரம் ஒதுக்கி, பயணிகளில் ஒருவரையே பேச வைத்தால் போதும்.

இன்னொரு பரிந்துரையும் உண்டு. பிலிப்பியில் பவுல் பாடியதை வழிகாட்டி நன்றாகச் சொன்னார். மறுநாள் காலை அதிகாரிகள் இரகசியமாக விடுவிக்க முயன்றபோது, நாங்கள் ரோமக் குடிமக்கள், எங்களை விசாரணையின்றி அடித்தீர்கள், நீங்களே வந்து வெளியே அழைத்துக்கொண்டு போங்கள் என்று அதே பவுல் உரிமை பேசியதைச் சொல்லாமல் விட்டார். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த நம் பாட்டன்மாருக்கு அப்படிச் சொல்ல வாயில்லை. குடியுரிமையைத் தந்த 2003ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் வாழும் நமக்கு உண்டு. அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்திற்கு முதன்மையான இடத்தைக் கொடுக்கும்போதே, 10ஆம், 14ஆம் உறுப்புரைகள் ஒவ்வொருவருக்கும் தம் சமயத்தைக் கைக்கொள்ளவும் வெளிப்படுத்தவும் உரிமை தருகின்றன. யாராவது வந்து கூட்டத்தை நிறுத்து என்றால், எந்தச் சட்டத்தின் கீழ் என்று மரியாதையாகக் கேட்பது எப்படி, எழுத்தில் கேட்பது எப்படி, முறைப்பாட்டுப் பிரதியைப் பெறுவது எப்படி என்பதையெல்லாம் ஒரு சட்டத்தரணி அரை மணிநேரம் விளக்கினால், அது ஜெபத்திற்கு மாற்றாகாது; ஜெபித்து எழுந்தவரின் கையில் இருக்கவேண்டிய கருவியாகும்.

இந்தக் குறைகளோடும் இச்சேவையைப் பரிந்துரைக்கிறேன். முதலாவதாக, சிறிய சபைகளை நடத்தும் போதகர்களுக்கும் ஞாயிறு பாடசாலை ஆசிரியர்களுக்கும். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கட்டுவாப்பிட்டிக்கு அழைத்துச் செல்வது பற்றிப் பெற்றோர் முன்கூட்டியே யோசிக்கவேண்டும். ஆகஸ்ட் மாதத்தில் மடுத் திருவிழாக் கூட்டத்தில் பகிர்வுக் கூட்டம் நடத்த இடமே கிடைக்காது என்பதால் அம்மாதத்தைத் தவிர்க்கலாம். ஜனவரி 16, வாஸ் முனிவரின் திருநாளை ஒட்டிய பயணத்திற்கு இடங்கள் முதலில் நிரம்பிவிடுகின்றன. முழங்கால் வலி உள்ளவர்கள் முன்வரிசை இருக்கையைப் பதிவு செய்யும்போதே கேட்டு வைத்துக்கொள்ளவேண்டும்.